வயிறு யாரோடது? செல்லப் பிராணிகளின் சாப்பாடும் வைத்தியமும்

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு வாய்ஸ் மெசேஜ். பெங்களூர்ல வேலை பார்க்கற ஒரு தம்பி அனுப்பியிருந்தார். "அக்கா, நம்ம ஊர்ப் பக்கம் இருந்து ஒரு சிப்பிப்பாறைக் குட்டி எடுத்துட்டு வந்திருக்கேன். மூணு மாசம் ஆகுது. கடையில 'ஹோலிஸ்டிக்'னு போட்டு ஒரு டாக் ஃபுட் இருக்கு, விலை ரொம்ப ஜாஸ்தி. அதை வாங்கறதா, இல்ல வீட்டுலயே சமைச்சுப் போடறதா? உண்ணிக்கு மருந்து போடாம நேச்சுரலா ஏதாவது பண்ணலாமா?"

என் சொந்த ஊர் சங்கரன்கோவில். பக்கத்து ஊர்களோட பேரையே நாய்களுக்கு வச்ச வட்டாரம் அது. வடக்கே போனா ராஜபாளையம். கரிசல் காட்டுப் பக்கம் திரும்பினா சிப்பிப்பாறை. ராஜபாளையம் நாய்க்கு 2005-லயே தபால்தலை வந்துடுச்சு. இன்னிக்கு இந்த ரெண்டு இனமும் மத்திய அரசோட பதிவுபெற்ற நாய் இனங்கள். 2020 ஆகஸ்ட்ல பிரதமர் வானொலியில நாட்டு நாய்களைப் பத்திப் பேசின பிறகு, நகரத்துல இருக்கறவங்களும் இந்தக் குட்டிகளைத் தேட ஆரம்பிச்சாங்க. நல்ல விஷயம்தான். ஆனா குட்டியோட சேர்ந்து அதை வளர்க்கற விவரமும் ஊர் விட்டு ஊர் போகுதாங்கறதுதான் கேள்வி.

எங்க பெரியப்பா வீட்டுல ராணின்னு ஒருத்தி இருந்தா. சிப்பிப்பாறைக் கலப்பு. அவ எப்படிப் போனாங்கறதை இந்த எபிசோடுல சொல்லப் போறேன். அதுக்கு முன்னாடி ஒரு 700 வருஷம் பின்னாடி போயிட்டு வருவோம். பிரியமா வளர்த்தும் மிருகங்களைச் சாகக் கொடுத்த கதை நம்ம பக்கத்துல அப்பவே இருக்கு.

காயல் துறைமுகத்துக் குதிரைகள்

சங்கரன்கோவில்ல இருந்து திருநெல்வேலி வழியா கிழக்கே போனா, தாமிரபரணி கடல்ல சேர்ற இடத்துக்குப் பக்கத்துல பழையகாயல்னு ஒரு ஊர் வரும். 13-ம் நூற்றாண்டுல அந்தப் பகுதி பாண்டியர்களோட பெரிய துறைமுகம். ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து கப்பல் கப்பலா வந்து இறங்கினது குதிரை. நம்ம சீதோஷ்ணத்துக்கும் மேய்ச்சலுக்கும் இங்க நல்ல போர்க்குதிரை உருவாகறது கஷ்டம். அதனால அரசர்கள் பொன்னைக் கொட்டி அரேபிய, பாரசீகக் குதிரைகளை வாங்கினாங்க.

1290-கள்ல இந்தப் பக்கம் வந்த மார்கோ போலோ ஒரு கணக்கு சொல்றார். அரசரும் அவரோட சகோதரர்களும் வருஷத்துக்கு ஆளுக்கு ரெண்டாயிரம் குதிரை வாங்குவாங்களாம். வருஷக் கடைசியில நூறுகூடத் தேறாதாம். பயணி சொல்ற எண்ணிக்கை, கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். ஆனா அவர் சொல்ற காரணத்தைப் பாருங்க: குதிரை வைத்தியம் தெரிஞ்ச ஆள் இங்க இல்ல. அப்படிப்பட்ட ஆட்கள் இந்தப் பக்கம் வந்துடாம வியாபாரிகளே பார்த்துக்கிட்டாங்க. குதிரை சாகச் சாகத்தானே அவங்களுக்கு அடுத்த கப்பல் வியாபாரம்! அப்புறம் சாப்பாடு. குதிரைக்கு இங்க சோத்தையும் கறியையும் சேர்த்து வேகவச்சுக் கொடுத்தாங்கன்னு எழுதறார்.

கிட்டத்தட்ட அதே காலத்துல பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் இதை எழுதியிருக்கார். வறுத்த தானியம், நெய்யில பிசைஞ்ச தானியம், காய்ச்சின பசும்பால். 40 நாள் கயித்துல கட்டிப்போட்டு கொழுக்க வைப்பாங்க. அப்புறம் எந்தப் பயிற்சியும் இல்லாம அப்படியே ஏறி ஓட்டுவாங்க. கொஞ்ச நாள்ல எவ்வளவு நல்ல குதிரையும் மந்தமாகி ஒண்ணுக்கும் உதவாமப் போயிடும்னு சொல்றார்.

அந்தப் பட்டியலைத் திரும்பப் பாருங்க. சோறு, கறி, நெய், பால். வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தா நாம போடற விருந்து! யாரும் குதிரையைக் கொடுமைப்படுத்தல. தனக்கு எது உசத்தியோ அதையே அதுக்கும் போட்டாங்க. அந்த வயிறு யாரோடதுன்னு மட்டும் கேக்கல.

குதிரை வயிறு எப்படி வேலை செய்யுது?

குதிரையோட உடம்பு ரொம்பப் பெருசு, இரைப்பை ரொம்பச் சின்னது. சுமார் 8-ல இருந்து 15 லிட்டர்தான் பிடிக்கும். பசு மாதிரி அசைபோடாது. புல்லை நொதிக்க வைக்கற வேலை முழுக்க, வயித்தோட பின்பகுதியில இருக்கற பெருங்குடல்லதான் நடக்குது. அங்க கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நாரை உடைச்சுக் குதிரைக்குச் சத்தா மாத்தித் தருது. அதனாலதான் குதிரை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா மேஞ்சுட்டே இருக்கணும். 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்குக் குறைஞ்சது 6-ல இருந்து 8 கிலோ வரைக்கும் உலர்ந்த தீவனக் கணக்குல புல்லோ வைக்கோலோ உள்ள போகணும்.

இந்த அமைப்புக்குள்ள ஒரு குண்டான் சோத்தைக் கொட்டினா என்ன ஆகும்? சிறுகுடல்ல செரிக்காத மாவுச்சத்து அப்படியே பின்னாடி போகும். அங்க இருக்கற நுண்ணுயிர்கள் அதைச் சட்டுனு புளிக்க வைக்கும். அமிலம் ஏறும், வாயு சேரும், வயித்துவலி வரும். குதிரையால வாந்தி எடுக்கவும் முடியாது. அந்த வலியே உயிரை எடுத்துடும். தப்பிச்சாலும், குளம்புக்குள்ள வீக்கம் வந்து நிக்க முடியாமப் போகலாம். சாப்பாட்டுல நடந்த தப்பு கால்ல தெரியும்.

இன்னிக்கும் கடற்கரையில சவாரிக்கு நிக்கற குதிரை, கல்யாண சாரட்டுல பூட்டற குதிரை எல்லாத்துக்கும் இதே வயிறுதான். பிஸ்கெட், பன், மிச்சச் சோறுன்னு ஆளாளுக்கு ஊட்டறதைப் பார்த்திருப்பீங்க. அடுத்த தடவை ஆசையா இருந்தா உரிமையாளர்கிட்ட கேட்டுட்டு ஒரு கைப்பிடி புல் கொடுங்க. கொள்ளும் அப்படித்தான். நல்ல தீவனம், ஆனா அளவோட, புல்லுக்குத் துணையா. புல்லுக்குப் பதிலா இல்ல.

சரி, ஹோலிஸ்டிக்னா என்னன்னு என்னைக் கேட்டா இதைத்தான் சொல்வேன். இந்த மிருகத்தோட குடல் எப்படிப்பட்டது, அது என்ன வேலைக்கு உருவானது, எந்த வெயில்ல இருக்கு, எவ்வளவு ஓடுது, யாரோட இருக்கு, எப்ப டாக்டர் வேணும். இது எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கறது. பாக்கெட் மேல அச்சடிக்கற 'ஹோலிஸ்டிக்'குக்கு இப்படி ஒரு அர்த்தமும் கிடையாது. அமெரிக்காவுல பெட் ஃபுட் விதிமுறைகள் வகுக்கற அமைப்புகூட அந்த வார்த்தைக்கு வரையறை வைக்கல. யார் வேணும்னாலும் போட்டுக்கலாம். நீங்க தேட வேண்டியது, 'முழுமையான, சமச்சீர் உணவு'ங்கற அறிவிப்பும், அது குட்டிக்கா பெரிய நாய்க்காங்கற விவரமும்தான்.

நாய்க்குச் சோறு போடலாமா?

போடலாம். "நாய் ஓநாய் வம்சம், கறி மட்டும்தான் தின்னணும்"னு சொல்றவங்களுக்கு ஒரு தகவல். 2013-ல நேச்சர் இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. மாவுச்சத்தைச் செரிக்க உதவற ஒரு மரபணு ஓநாய்கிட்ட ரெண்டு பிரதிதான் இருக்கு. நாய்கள்கிட்ட 4-ல இருந்து 30 வரைக்கும் இருக்கு. மனுஷன் பயிர் வச்ச காலத்துல இருந்து நம்ம மிச்சத்தைத் தின்னு வளர்ந்த உடம்பு அது. நம்ம கரிசல் காட்டு நாய்கள் கம்பங்கூழும் கேப்பைக்கூழும் மோரும் குடிச்சுத்தான் வளர்ந்துச்சு.

ஆனா அதுல ஒரு விட்டுப்போன பாதி இருக்கு. அந்த நாய் கூழ் மட்டும் குடிக்கல. காட்டுல எலி பிடிச்சுது, முயல் பிடிச்சுது, கறி வெட்டற இடத்துல எலும்பும் குடலும் தின்னுச்சு. நாள் முழுக்க ஓடுச்சு. நாம அபார்ட்மென்ட்டுல கூழை மட்டும் எடுத்துக்கிட்டு, மத்ததை எல்லாம் விட்டுட்டு, "பாரம்பரிய டயட்"னு பேர் வைக்கறோம். வெறும் தயிர்சாதத்துல வளர்ற நாய்க்குப் புரதம் பத்தாது. வளர்ந்த நாயோட சாப்பாட்டுல, ஈரம் நீக்கின கணக்குல குறைஞ்சது 18 சதவீதம் புரதம் வேணும். குட்டிக்கு 22.5 சதவீதம்.

அப்ப வெறும் சிக்கனா போட்டா? அதுவும் தப்பு. எலும்பில்லாத கறியில பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் ரொம்பக் கம்மி. வளர்ற குட்டிக்கு இப்படியே கொடுத்தா உடம்பு தன் எலும்புல இருந்தே கால்சியத்தை உருவ ஆரம்பிச்சுடும். சோபாவுல இருந்து குதிச்சாலே கால் ஒடியும். கேப்பையில கால்சியம் இருக்கு, ஆனா அதுல ஒரு பகுதிதான் உடம்புல சேரும். குட்டிக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

2013-லயே இன்னொரு ஆய்வு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல புத்தகங்கள்லயும் இணையத்துலயும் கிடைச்ச, வீட்டுல சமைக்கற நாய் உணவுக் குறிப்புகள் 200-ஐ எடுத்துச் சோதிச்சாங்க. 95 சதவீதத்துல ஏதாவது ஒரு முக்கியமான சத்தாவது குறைவா இருந்துச்சு. கால்நடை மருத்துவர்கள் எழுதின குறிப்புகள் கொஞ்சம் பரவாயில்ல.

அதனால தம்பிக்கு என் பதில்: குட்டிக்கு ஒரு வயசு ஆகற வரைக்கும், குட்டிகளுக்குன்னே தயாரான முழுமையான உணவு அடிப்படையா இருக்கட்டும். விலை ஜாஸ்தியா இருக்கணும்னு அவசியம் இல்ல. அது மேல அவிச்ச முட்டை, கொஞ்சம் வெந்த சிக்கன், கேரட், பூசணி சேர்த்துக்கலாம். மூணு மாசக் குட்டிக்கு ஒரு நாள் சாப்பாட்டை மூணு நாலு வேளையாப் பிரிச்சுக் கொடுங்க. பெருசான பிறகு முழுக்க வீட்டுச் சாப்பாடுதான்னா, கறி, முட்டை, மீன்ல ஏதாவது ஒண்ணு தட்டுல பாதி. மீதிக்கு அரிசியோ கம்போ, கூடவே கொஞ்சம் காய். உப்பு, மசாலா வேண்டாம். கால்சியத்துக்கும் மத்த தாதுக்களுக்கும் நாயோட எடையைப் பார்த்து டாக்டர் ஒரு அளவு சொல்வார். அந்த ஒரு கன்சல்டேஷன் காசை மிச்சம் பிடிக்காதீங்க.

'கிரெய்ன் ஃப்ரீ'ன்னு தானியமே இல்லாத உணவு ஒரு ஃபேஷனா வந்திருக்கு. 2018-ல அமெரிக்க அரசின் எஃப்.டி.ஏ., பட்டாணி, பருப்பு அதிகமா இருக்கற இந்த மாதிரி உணவுகளுக்கும் நாய்களுக்கு வர்ற ஒருவகை இதய நோய்க்கும் தொடர்பு இருக்கான்னு விசாரிக்க ஆரம்பிச்சாங்க. இன்னும் உறுதியா நிரூபணம் ஆகல. ஆனா அரிசிக்கும் கம்புக்கும் பயந்து ஓட ஒரு நியாயமும் இல்ல.

கடைசியா ஒண்ணு. சிப்பிப்பாறை மாதிரி வேட்டை நாய்க்கு விலா எலும்பு லேசாத் தெரியறது இயல்பு. அடுத்த ஃப்ளாட் ஆன்ட்டி "ஐயோ பாவம், சோறே போடலயா"ன்னு கேப்பாங்க. அதுக்காகக் குண்டாக்கிடாதீங்க.

நம்ம அடுப்படியில இருக்கற ஆபத்து

சாக்லேட் ஆகாதுன்னு எல்லாருக்கும் தெரியும். நம்ம சமையல்ல இருக்கறது நிறையப் பேருக்குத் தெரியாது.

முதல்ல திராட்சை, உலர் திராட்சை. பாயசத்துல மிதக்கறதுதான். சில நாய்களுக்குக் கொஞ்சம் தின்னாலே சிறுநீரகம் செயலிழக்கும். ஏன்னு ரொம்ப நாள் புரியாம இருந்துச்சு. 2021-ல அமெரிக்க நச்சியல் மருத்துவர்கள் ஒரு காரணத்தை முன்வச்சாங்க: டார்டாரிக் அமிலம். சரி, இந்த அமிலம் வேற எதுல நிறைய இருக்கு? நம்ம புளியில! புளி தின்ன நாய்களுக்கும் அதே மாதிரி சிறுநீரகப் பாதிப்பு வந்ததைப் பதிவு பண்ணியிருக்காங்க. அதனால புளியோதரை, புளிக்குழம்புச் சோறு, ரசம் சாதம் எதுவும் நாய்த் தட்டுக்குப் போக வேண்டாம்.

ரெண்டாவது வெங்காயம், பூண்டு. ரெண்டும் நாய், பூனையோட ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பூனைக்கு ரொம்பச் சீக்கிரமா. "பூண்டு கொடுத்தா உண்ணி வராது"ன்னு ஒரு ஃபார்வர்ட் மெசேஜ் சுத்திட்டு இருக்கு. தயவுசெஞ்சு நம்பாதீங்க.

மூணாவது, எங்க ஊர் ஆளா இதைச் சொல்லியே ஆகணும். சங்கரன்கோவில்னா பிரியாணி. பார்சல் வாங்கிச் சாப்பிட்டுட்டு எலும்பை நாய்க்குப் போடறது ஒரு சடங்கு மாதிரி. வெந்த எலும்பு கூர்மையா உடையும், தொண்டையிலயோ குடல்லயோ குத்தும். அதோட மசாலாவுல வெங்காயமும் பூண்டும் இருக்கு. பிரியாணி உங்களுக்கு மட்டும் இருக்கட்டும்.

பூனை வளர்க்கறவங்களுக்குத் தனியா ரெண்டு வார்த்தை. பூனை நாய் இல்ல, அது கறி தின்னே வாழ வேண்டிய ஜீவன். டாரின்னு ஒரு சத்தை அதால போதுமான அளவு தயாரிச்சுக்க முடியாது, மீன், கறியில இருந்துதான் வரணும். அது குறைஞ்சா இதயம் வீங்கிப் பலவீனமாகும்னு 1987-லயே கண்டுபிடிச்சுட்டாங்க. கண்பார்வையும் போகும். பால்சோறு மட்டும் போட்டு வளர்த்த பூனை ஆரோக்கியமாத் தெரியலாம், உள்ள நடக்கறது வெளிய தெரியாது. இன்னொண்ணு, பூனைக்குக் காய்ச்சல்னு பாராசிட்டமால் கொடுத்தா அது விஷம். பாதி மாத்திரைகூடக் கொன்னுடும்.

பச்சிலை வேலை செய்யுமா?

செய்யும், எல்லா இடத்துலயும் இல்ல. நல்ல உதாரணம் ஒண்ணு நம்மகிட்டயே இருக்கு. பசுவுக்கு மடிநோய் வந்தா, சோத்துக்கத்தாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைச்சு மடியில பூசற முறை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துல இந்த மாதிரி மரபு வைத்தியத்தை முறையா ஆராய்ஞ்சு பால் பண்ணையாளர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. தேசிய பால்வள வாரியமும் அதைப் பரப்புது. அதை நம்பறதுக்குக் காரணம் 'நேச்சுரல்'ங்கறது இல்ல. எந்த மிருகம், எந்த நோய், எந்த அளவு, எத்தனை தடவை, எல்லாம் தெளிவா இருக்கு. சோதிச்சும் பார்த்திருக்காங்க.

பசுவோட மடிக்குச் சரியான மஞ்சள், நாயோட ரத்தத்துல இருக்கற கிருமிக்கு மருந்தாகாது. இதை நாங்க ராணிகிட்ட கத்துக்கிட்டோம்.

ஒரு சித்திரை மாசம். நான் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ராணி காதுக்குள்ளயும் கால் விரலுக்கு நடுவுலயும் உண்ணி. பெரியம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் பூசிக் குளிப்பாட்டினாங்க. மேல இருந்த உண்ணி கொஞ்சம் உதிர்ந்துச்சு, எங்களுக்குத் திருப்தி. ஒரு வாரம் கழிச்சு அவ சாப்பாட்டை முகர்ந்து பார்த்துட்டு நகர்ந்துட்டா. "டாக்டர்கிட்ட காட்டலாமா பெரியப்பா?"ன்னு கேட்டேன். "ஏளா, வெயிலுக்குச் சுருண்டு கெடக்கா. மோர் ஊத்து, சாயந்தரம் எந்திச்சிருவா"ன்னார். நானும் சரின்னு விட்டுட்டேன். மோர் ஊத்தினோம். ரெண்டு நாள் அப்படியே போச்சு. மூணாம் நாள் காலையில அவ மூக்குல ரத்தம். வாயைத் திறந்து பார்த்தா ஈறு வெள்ளைத் துணி மாதிரி வெளுத்திருந்துச்சு. ஆட்டோ பிடிச்சுத் தூக்கிட்டுப் போனோம். டாக்டர் பார்த்தவுடனே சொல்லிட்டார், உண்ணிக் காய்ச்சல், ரத்தத்துல தட்டணு ரொம்ப இறங்கிடுச்சுன்னு. அன்னிக்கு ராத்திரி அவ போயிட்டா. பெரியப்பா அதுக்கப்புறம் நாய் வளர்க்கல.

உண்ணிக் காய்ச்சல்ங்கறது உண்ணி கடிக்கும்போது ரத்தத்துக்குள்ள போற கிருமியால வர்றது. சீக்கிரம் கண்டுபிடிச்சா டாக்ஸிசைக்ளின்னு சாதாரணமா கிடைக்கற ஒரு மருந்தை டாக்டர் சொல்ற அளவுல சுமார் 4 வாரம் கொடுத்தாப் பெரும்பாலான நாய்கள் பிழைச்சுடும். நாங்க இழந்தது அந்த ரெண்டு நாளை. வேப்பிலை ராணியைக் கொல்லல. வேப்பிலை போட்டாச்சேங்கற நிம்மதிதான் எங்களைத் தாமதிக்க வச்சுது.

உண்ணி நாய் மேல மட்டும் இருக்காது. சுவர் வெடிப்பு, கட்டில் இடுக்கு, பாயடி எல்லா இடத்துலயும் முட்டையிடும், ஒரு தடவைக்கு ஆயிரக்கணக்குல. அதனால நாய்க்கு டாக்டர் சொல்ற உண்ணி மருந்து, வீட்டுக்குச் சுத்தம், தினமும் காது, அக்குள், விரலிடுக்குத் தடவிப் பார்க்கறது, மூணும் சேர்ந்தாத்தான் பலன். ஒரு எச்சரிக்கை: நாய்க்கான சில உண்ணி மருந்துகள்ல பெர்மெத்ரின் இருக்கும், அது பூனைக்கு ஆபத்து. ரெண்டும் வளர்க்கறவங்க லேபிளைப் படிங்க.

சாப்பாட்டைத் தாண்டி

வஸ்ஸாஃப் சொன்ன அந்த 40 நாள் கயித்தை மறக்காதீங்க. ஓடறதுக்குன்னே உருவான உடம்பை பால்கனியில கட்டிப்போட்டு, உலகத்துலயே நல்ல சாப்பாடு போட்டாலும் அது நல்லா இருக்காது. காலையில வெயில் ஏறுமுன்ன ஒரு தடவை, சாயந்தரம் தரை ஆறின பிறகு ஒரு தடவை ஓட விடுங்க. தரையில உங்க புறங்கையை வச்சுப் பாருங்க. அஞ்சு விநாடி தாங்க முடியலன்னா அதோட பாதமும் தாங்காது.

தடுப்பூசி எந்த டயட்டாலயும் ஈடு செய்ய முடியாதது. வெறிநாய்க்கடி நோய்க்கு அறிகுறி வந்த பிறகு வைத்தியம் கிடையாது. நாய் கடிச்சா மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காம, ஓடற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

எப்ப யோசிக்காம டாக்டர்கிட்ட போகணும்? ஒரு நாள் முழுக்கச் சாப்பிடலன்னா. குட்டின்னா ஒரு வேளை தாண்டினாலே. ஈறு வெளுத்தா. மூக்குலயோ சிறுநீர்லயோ ரத்தம் தெரிஞ்சா. வாந்தி நிக்கலன்னா. திராட்சை, புளி, சாக்லேட் தின்னது தெரிஞ்சா, அறிகுறி வர்ற வரைக்கும் காத்திருக்கவே வேண்டாம். எங்க பக்கத்துக்காரங்களுக்கு ஊர்ல இருக்கற அரசு கால்நடை மருத்துவமனை போக, திருநெல்வேலி ராமையன்பட்டியில அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியும் 2012-ல இருந்து இருக்கு.

தம்பி, இன்னிக்கு ராத்திரி ஒரு வேலை பண்ணுங்க. உங்க குட்டியோட உதட்டை மெதுவாத் தூக்கி ஈறு என்ன நிறம்னு பார்த்து வச்சுக்குங்க. ஆரோக்கியமான இளஞ்சிவப்பு எப்படி இருக்கும்னு உங்க கண்ணுக்குப் பழகணும். என்னிக்காவது அது மாறினா, உங்களுக்கு முதல் நாளே தெரிஞ்சுடும். எங்களுக்கு மூணாம் நாள்தான் தெரிஞ்சுது.

குட்டிக்கு என்ன பேர் வச்சிருக்கீங்கன்னு சொல்லவே இல்லையே. அடுத்த மெசேஜ்ல சொல்லுங்க.